கோவேறு கழுதைத் தடத்தில் ஒரு காப்பி நாடு

ஆண்டிஸ் மலைத்தொடர் கொலம்பியாவுக்குள் நுழைந்ததும் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. நடுக் கிளையின் மேற்குச் சரிவில் கால்தாஸ், ரிசரால்தா, கிந்தியோ என மூன்று சிறு மாகாணங்கள் உள்ளன. அவற்றோடு, வடக்கே அந்தியோக்கியாவின் தென்பகுதியும் தெற்கே வாயே தெல் கௌக்காவின் வடபகுதியும் சேர்ந்ததே அந்த நாட்டின் காப்பி நாடு. கடல் மட்டத்துக்கு மேல் 1,200 முதல் 1,800 மீட்டர் வரை உயரம், எரிமலைச் சாம்பல் படிந்த கறுப்பு மண், ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் இங்கே காப்பிச் செடி ஆண்டுக்கு இரு முறை பூத்துக் காய்க்கிறது. ஒன்று பெரிய அறுவடை, மற்றது சிறியது.

வழிகாட்டியுடன் வரும் இன்றைய சுற்றுலாப் பயணிகள் போகோட்டாவில் இறங்கி, இந்தச் சரிவுகளில் சில நாள் தங்கி, மெதெயின் நகரத்தைப் பார்த்துவிட்டுக் கார்த்தஹேனாவின் கடற்கரையில் பயணத்தை முடிக்கிறார்கள். நீலமும் சிவப்பும் மஞ்சளும் பூசிய மர பால்கனிகள், பழைய வில்லிஸ் ஜீப்புகள், தோளில் துண்டும் இடுப்பில் தோல் பையுமாக நிற்கும் கழுதைக்காரர், மூங்கில் கட்டிய மண்வீடு ஆகியவற்றைத்தான் காப்பி நாட்டில் அவர்களுக்குக் காட்டுகிறார்கள். இவற்றில் ஒன்றுகூடக் காட்சிக்காகப் பிறந்ததில்லை. ஒவ்வொன்றும் மலையில் பிழைப்பதற்கு உண்டான கருவி. காப்பி விலை சரிந்து பிழைப்புக்கே இடர் வந்தபோதுதான் அவை காட்சிப் பொருள்களாயின. காப்பி நாட்டின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் கருவிகளின் வரலாறே.

காப்பிக்கு வெகு காலம் முன்பே இங்கு மனிதர்கள் வாழ்ந்தார்கள். கிம்பாயா மக்கள் பொன்னை உருக்கி வார்ப்பதில் தேர்ந்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வந்த பின், கட்டாய உழைப்பாலும் நோயாலும் அவர்கள் அழிந்தார்கள். அவர்கள் உழுத சரிவுகளைக் காடு மீண்டும் மூடியது. அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இந்த மலை, கிழக்கே இபாகேயிலிருந்து மேற்கே கார்த்தாகோ வரை செல்லும் ஒரு மோசமான கணவாய்ப் பாதையாக மட்டுமே வெளியுலகுக்குத் தெரிந்திருந்தது. 1801-இல் ஜெர்மானிய இயற்கையறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அந்தக் கிந்தியோ கணவாயைக் கடந்தார். வசதி படைத்தவர்களை நாற்காலியில் உட்கார்த்தி முதுகில் சுமந்து செல்லும் கூலியாட்கள் அங்கே இருந்தார்கள். மனிதன் மீது ஏறிச் செல்ல மறுத்த ஹம்போல்ட், காலணி சேற்றில் கிழிந்துபோக வெறுங்காலுடனே நடந்தார். அந்த வழியில் அவர் வியந்து பதிவுசெய்த மெழுகுப் பனை 60 மீட்டர் வரை வளரக்கூடியது. பனை இனத்தில் அதைவிட உயர்ந்தது இல்லை. இன்று கோகோரா பள்ளத்தாக்குக்குச் செல்லும் ஒவ்வொரு பயணியும் அண்ணாந்து பார்ப்பது அதைத்தான்.

காட்டை மறுபடி திறந்தவர்கள் வடக்கிலிருந்து வந்த அந்தியோக்கியர்கள். அங்கே நிலம் சிலர் கையில் குவிந்திருந்தது, குடும்பங்களோ பெரியவை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி நூறு ஆண்டுகளுக்கு மேல், குடும்பம் குடும்பமாக அவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். கோடரியால் மரத்தை வெட்டிச் சாய்த்து, எரித்து, சாம்பலில் சோளமும் பீன்ஸும் விதைத்து, பன்றி வளர்த்தார்கள். சலாமினா 1820-களில் எழுந்தது, மனிசாலெஸ் 1849-இல், பெரேரா 1863-இல், அர்மேனியா 1889-இல். சலெந்தோவின் தொடக்கம் சற்று வேறு. கணவாய்ச் சாலையைச் செப்பனிடக் கைதிகளைக் குடியமர்த்திய 1842-ஆம் ஆண்டு முகாமே அந்த ஊரின் வேர்.

உழைப்பவனுக்கே நிலம் என்ற சமத்துவக் கதையாக இந்தக் குடியேற்றத்தைச் சொல்வது வழக்கம். 1949-இல் அமெரிக்கப் புவியியலாளர் ஜேம்ஸ் பார்சன்ஸ் எழுதிய நூல் அந்தப் படத்துக்கு வலுச் சேர்த்தது. உண்மை அவ்வளவு நேர்த்தியானதல்ல. காட்டின் பெரும்பகுதி காலனிய காலத்து மானியப் பத்திரங்களின் பேரில் சில குடும்பங்களுக்குச் சொந்தமாக இருந்தது. கோடரியோடு வந்தவனை முத்திரைத் தாளோடு வந்தவன் வெளியேற்றப் பார்த்தான். மனிசாலெஸைச் சுற்றி உரிமை கோரிய நிலக் கம்பெனியின் எலியாஸ் கொன்சாலெஸ் 1851-இல் கொல்லப்பட்டார். சில இடங்களில் குடியேறியவர்கள் வழக்காடி வென்றார்கள். வேறு சில இடங்களில் தாங்கள் திருத்திய நிலத்தையே காசு கொடுத்து வாங்கினார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி கிம்பாயா கல்லறைகளிலிருந்து வந்தது. மண்ணைத் தோண்டிப் பொன் எடுத்து உருக்கி விற்பது குடியேற்றக்காரர்களின் துணைத் தொழில். 1890-இல் ஃபிலாந்தியா அருகே கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட பொற்பொருள்கள் தப்பியது அபூர்வம். அவற்றையும் 1893-இல் கொலம்பிய அரசு ஸ்பெயின் அரசிக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. அவை இன்றும் மாட்ரிடில்தான் உள்ளன. அவற்றைத் திரும்பக் கேட்க வேண்டுமென 2017-இல் கொலம்பிய அரசியல் சாசன நீதிமன்றம் ஆணையிட்டது. போகோட்டாவின் பொன் அருங்காட்சியகத்தில் கிம்பாயா கைவண்ணத்தின் முன் நிற்கும் பயணி, அடுத்து தான் போகவிருக்கும் தோட்டங்களின் மண்ணுக்கடியில் இருந்த உலகையே பார்க்கிறார்.

காப்பி கொலம்பியாவில் முதலில் வேரூன்றியது இந்தப் பகுதியில் அல்ல. வெனிசுவேலா எல்லையை ஒட்டிய வடகிழக்கில்தான் அது தொடங்கியது. சலாசார் தெ லாஸ் பால்மாஸ் ஊரின் பாதிரியார் பிரான்சிஸ்கோ ரொமேரோ, பாவமன்னிப்புக் கேட்டு வந்தவர்களுக்குக் காப்பிச் செடி நடுவதையே பரிகாரமாக விதித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆவணம் சொல்வது இதைவிட எளியது: 1835-இல் குக்குதா சுங்கச் சாவடி வழியாக 2,560 மூட்டைக் காப்பி வெளிநாடு சென்றது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்தாந்தெர், குந்தினமார்க்கா பகுதிகளின் பெரும் பண்ணைகள் ஏற்றுமதியில் முன்னணியில் நின்றன. குத்தகைக் குடிகளின் உழைப்பில் நடந்தவை அவை. 1899 முதல் 1902 வரை நடந்த ஆயிரம் நாள் போர் அவற்றை முறித்தது. ஆட்கள் போருக்குப் போனார்கள், பாதைகள் அடைபட்டன, உலகச் சந்தையில் விலையும் விழுந்திருந்தது. அந்த இடைவெளியில் மேற்குச் சரிவின் சிறு விவசாயிகள் முன்னே வந்தார்கள்.

சிறு விவசாயிக்குக் காப்பி ஏன் பொருந்தியது என்பதை விரிவாகப் பார்க்க வேண்டும். காப்பி நாட்டின் தோற்றம் முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறது. நட்ட செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை இடையிடையே வாழையும் சோளமும் போட்டால் குடும்பம் பசியாறும், வாழை நிழலும் தரும். ஏர் ஓட்ட முடியாத செங்குத்தான சரிவிலும் காப்பி வளரும். பழங்கள் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. சிவந்ததை மட்டும் கையால் பறித்துச் சில நாள் கழித்து அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் உள்ள பெரிய குடும்பத்துக்கு இது ஏற்ற வேலை. பறித்த பழத்தைக் கையால் சுற்றும் பல்பரில் இட்டுத் தோல் நீக்கி, ஓரிரவு தொட்டியில் ஊறவைத்துப் புளித்த வழவழப்பைக் கழுவி, வெயிலில் காய வைத்தால் வேலை முடிந்தது. அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் காய வைப்பதே கடினம். அதனால் வீட்டின் மேல்தளத்தைக் காயவைக்கும் களமாக்கி, கூரையைச் சக்கரங்கள் மேல் நகர்த்தித் திறந்து மூடும் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். தூறல் விழுந்தால் ஒருவர் ஓடிக் கூரையை இழுத்தால் போதும். வீடே ஆலையாக இருந்தது. குவாதுவா என்ற தடித்த மூங்கிலைச் சட்டமாக்கி, பிளந்த மூங்கிலும் மண்ணும் பூசிச் சுவர் எழுப்பினார்கள். மலிவான அந்தக் கட்டுமானம் நிலநடுக்கத்தில் வளைந்து கொடுத்தது என்பதை அனுபவம் அவர்களுக்குக் காட்டியது.

1932-இல் எடுத்த கணக்கில் நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. 1913-இல் 10 லட்சம் மூட்டையைத் தாண்டிய ஏற்றுமதி, 1930-ஐ ஒட்டி 30 லட்சத்தைத் தொட்டது.

விளைந்ததைக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பதுதான் தீராத சிக்கல். அந்தப் பாரத்தைச் சுமந்தவை கோவேறு கழுதைகள். பக்கத்துக்கு ஒரு மூட்டையாக, ஒரு கழுதை 125 கிலோ சுமந்தது. கழுதைக்காரர்கள் மனிசாலெஸிலிருந்து கிழக்கே 3,000 மீட்டருக்கு மேலான குளிர்மேட்டைக் கடந்து, வெப்பம் தகிக்கும் மக்தலேனா ஆற்றங்கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து நீராவிப் படகு காப்பியைக் கரீபியக் கடலோரத்தின் பாரங்கியாவுக்கு எடுத்துச் சென்றது. குளிருக்கும் வெயிலுக்கும் மாறி மாறிப் போர்த்த ஒரு துணி, பணமும் கடிதமும் ஊசிநூலும் வைக்கப் பல அறைகள் கொண்ட தோல் பை, கத்தி ஆகியவையே கழுதைக்காரரின் உடைமைகள். இன்று சலெந்தோவின் கடைவீதியில் விற்பவை அவற்றின் வழித்தோன்றல்கள். 125 கிலோ என்ற அந்தச் சுமையும் மறையவில்லை. கொலம்பியாவில் விவசாயிக்குத் தரும் காப்பி விலையை இன்றும் 125 கிலோ எடைக்கே அறிவிக்கிறார்கள்.

கழுதைப் பாதையை மிஞ்சும் வழியாக மனிசாலெஸ் வானத்தைத் தேர்ந்தது. செங்குத்து மலையில் ரயில் பாதை போடச் செலவு கட்டாது என்பதால், பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று கம்பிவடப் பாதை அமைத்தது. 1922-இல் அது முழுமையடைந்தபோது, மனிசாலெஸிலிருந்து மாரிகித்தா வரை 70 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. உலகிலேயே மிக நீளமான பாதைகளில் ஒன்று. 370-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் அதைத் தாங்கின. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு கோபுரத்துக்கான இரும்போடு வந்த கப்பல் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. பொறியாளர் ஜேம்ஸ் லிண்ட்சே அந்த இடத்தில் உள்ளூர் மரத்தாலேயே 50 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் ஒன்றை எழுப்பினார். எர்வேயோ கோபுரம் எனப்படும் அது பிற்பாடு மனிசாலெஸ் நகருக்கு இடம்பெயர்க்கப்பட்டு இன்றும் நிற்கிறது. காப்பி நாட்டின் நினைவுச் சின்னங்களில் இதற்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம். காப்பி மூட்டைகள் மேகத்துக்குள் மிதந்து இறங்கிய அந்தப் பாதையை ரயில்களும் சாலைகளும் மெல்ல மெல்லப் பின்தள்ளின. 1914-இல் பனாமா கால்வாய் திறந்ததும், 1915-இல் பசிபிக் ரயில் பாதை காலி நகரை அடைந்ததும், கால்தாஸின் ரயில் பாதை 1927-இல் மனிசாலெஸைத் தொட்டதும் காப்பியை மேற்கே, புவெனவெந்துரா துறைமுகத்தை நோக்கித் திருப்பின. கம்பிவடம் 1960-களில் நின்றது.

இந்தப் பணம் நகரங்களைக் கட்டியது. 1925-லும் 1926-லும் மனிசாலெஸின் மூங்கில் நகரமையம் தீயில் எரிந்தபோது, எரிந்த இடத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜூலியன் போல்ட்டியின் வடிவில் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கான்கிரீட் பேராலயத்தைக் காப்பிச் செல்வம் எழுப்பியது. மெதெயினில் பொன்னிலும் காப்பியிலும் லாபம் கண்ட வணிகர்கள் நெசவாலைகளில் முதலிட்டார்கள். 1907-இல் கோல்தெஹேரும் 1920-இல் ஃபப்ரிகாத்தோவும் தோன்றி, அந்தப் பள்ளத்தாக்கை நாட்டின் முதல் தொழில் நகரமாக்கின.

1927-இல் அதே மெதெயினில் கூடிய காப்பி மாநாடு, தேசியக் காப்பி விவசாயிகள் கூட்டமைப்பை உருவாக்கியது. பெரும் பண்ணையார்களும் வணிகர்களும் தொடங்கிய அமைப்புதான். சிறு விவசாயியின் குரல் அதில் எப்போதும் முழுதாக ஒலித்ததில்லை. ஆனாலும் அது செய்தவை பெரியவை. ஏற்றுமதி வரியில் கிடைத்த பணத்தால் மலைக் கிராமங்களுக்குச் சாலை, பள்ளி, குடிநீர், மின்சாரம் வந்தன. 1938-இல் சிஞ்சினாவில் செனிகஃபே ஆய்வு நிலையம் தொடங்கியது. 1940-இல் தேசியக் காப்பி நிதியம் அமைந்தது. தரத்துக்குட்பட்ட காப்பியை எவ்வளவு கொண்டுவந்தாலும் அறிவித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உறுதியே விவசாயிக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. 1950-களில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்கு வரை காப்பியிலிருந்து வந்தது.

அதே ஆண்டுகளில்தான் காப்பி நாடு ரத்தம் சிந்தியது. 1948 ஏப்ரல் 9 அன்று போகோட்டாவில் லிபரல் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கைத்தான் சுட்டுக் கொல்லப்பட்டதும் நாட்டின் இரு பெரும் கட்சியினருக்கிடையே கிராமப் போர் மூண்டது. கிந்தியோவிலும் கால்தாஸிலும் அது மிகக் கொடியதாக இருந்தது. கொலைக்குப் பின்னால் கட்சிப் பகை மட்டும் இல்லை, அறுவடையும் இருந்தது. தோட்டக்காரனைத் துரத்திவிட்டால் பழுத்த பழத்தை மற்றொருவன் பறித்து விற்றான், நிலத்தை மலிவாக எழுதி வாங்கினான். வண்ணம் பூசிய கதவுகளின் அழகைச் சொல்லும் வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வில்லிஸ் ஜீப்புகள் கழுதைகளின் இடத்தைப் பிடித்ததும் இக்காலத்தில்தான். மூட்டையும் வாழைத்தாரும் ஆட்களுமாகப் பின்னால் தொங்கிக்கொண்டு செங்குத்து மண் பாதையில் ஏறும் அவை இன்றும் கிராமத்தார் செல்லும் வண்டிகளே. சலெந்தோ சதுக்கத்தில் கோகோராவுக்குப் பயணிகளை ஏற்றுவது அவற்றின் இரண்டாம் வாழ்க்கை.

கழுதைகள் மலையிலிருந்து மறையத் தொடங்கியபோது விளம்பரத்தில் ஒரு கழுதை பிறந்தது. 1950-களின் இறுதியில் கூட்டமைப்புக்காக நியூயார்க்கின் டாய்ல் டேன் பெர்ன்பாக் நிறுவனம் ஹுவான் வால்தெஸ் என்ற கற்பனை விவசாயியையும் அவனுடைய கொன்சீத்தா என்ற கழுதையையும் உருவாக்கியது. வட அமெரிக்க நுகர்வோருக்குக் கொலம்பியக் காப்பியின் முகமாக அந்த உருவம் நிலைத்தது. 1962-இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்றுமதி ஒதுக்கீடு நிர்ணயித்து விலையைத் தாங்கிப் பிடித்தது. 1975-இல் பிரேசிலின் தோட்டங்கள் பனியில் கருகியதும் விலை வானளாவ உயர்ந்து, கொலம்பிய மலைகளில் பணம் புரண்டது. அந்த உற்சாகத்தில் நிழல் மரங்களை வெட்டி, குட்டையாகவும் நெருக்கமாகவும் வளரும் கத்துர்ரா ரகத்தைத் திறந்த வெயிலில் நட்டார்கள். விளைச்சல் பெருகியது, உரச் செலவும் மண் அரிப்பும் கூடின.

1983-இல் இலைத் துரு நோய் கொலம்பியாவுக்குள் நுழைந்தது. தமிழருக்கு இந்த நோய் அந்நியமானதல்ல. 1869-இல் இலங்கையில் முதன்முதல் பதிவான இதே பூஞ்சைதான், இரண்டு பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. தமிழகத்திலிருந்து காப்பி பறிக்கச் சென்ற தொழிலாளர்களின் அடுத்த தலைமுறைகளைத் தேயிலைக்கு மாற்றியதும் அதுவே. நூறு ஆண்டுகள் கழித்து, 1970-இல் அது பிரேசிலை அடைந்தது. கொலம்பியாவுக்கு இலங்கைக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்தது: முன்னெச்சரிக்கை. தைமோர் தீவில் இயற்கையாகக் கலந்து உருவான நோயெதிர்ப்புள்ள செடியைக் கத்துர்ராவுடன் இணைத்து, நோய் வரும் முன்பே 1982-இல் செனிகஃபே புதிய ரகத்தை வெளியிட்டிருந்தது. 2005-இல் அதன் மேம்பட்ட வடிவமான காஸ்தியோ வந்தது. ஆனாலும் பழைய ரகங்கள் பரவலாக இருந்ததால், 2008-க்குப் பின் பெய்த அளவுமீறிய மழையில் துரு மீண்டும் படர்ந்தது. 2007-இல் ஒன்றேகால் கோடியைத் தாண்டிய விளைச்சல் 2009-இல் 80 லட்சம் மூட்டைக்கும் கீழே போனது. லட்சக்கணக்கான ஏக்கரில் செடிகளை மாற்றி நட்ட பிறகே அது மீண்டது.

நோயைவிட ஆழமாக வெட்டியது சந்தை. 1989 ஜூலையில் சர்வதேச ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்ததும், சில மாதங்களிலேயே விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கிந்தியோவின் சில தோட்டக்காரர்கள் காலியாகக் கிடந்த அறைகளைத் துப்புரவாக்கி விடுமுறை விருந்தினருக்கு வாடகைக்கு விட்டார்கள். காப்பி நாட்டுச் சுற்றுலாவின் தொடக்கம் அதுதான். 1995-இல் கூட்டமைப்பின் கிந்தியோ கிளை, மோந்தெனெக்ரோ ஊரருகே தேசியக் காப்பிப் பூங்காவைத் திறந்தது. வந்தவர்கள் போகோட்டா, காலி, மெதெயின் குடும்பங்கள். ஆள்கடத்தலும் உள்நாட்டுப் போரும் நடந்த சாலைகளில் வெளிநாட்டார் வரத் துணியவில்லை. 1999 ஜனவரி 25 அன்று அர்மேனியாவைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கான்கிரீட் கட்டடங்கள் நொறுங்கிக் கிடக்க, பழைய மூங்கில் வீடுகள் பல நிலைத்து நின்றதைக் கண்டவர்கள் அவற்றைப் புதிய மதிப்புடன் பார்க்கத் தொடங்கினார்கள்.

வெளிநாட்டுப் பயணிக்கு வழி திறந்தது நகரங்களின் மாற்றம். 1991-இல் மெதெயின் உலகிலேயே அதிகக் கொலைகள் நடந்த நகரங்களில் ஒன்று. போதைக் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபார் 1993 டிசம்பரில் கொல்லப்பட்டான். 1995-இல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. 2004-இல் மலைச்சரிவுச் சேரிகளுக்குக் கம்பிவடப் பாதையும், 2011-இல் பதின்மூன்றாம் வட்டாரத்தில் திறந்தவெளி நகரும் படிக்கட்டும் வந்தன. ஒதுக்கப்பட்ட மேட்டுக் குடியிருப்புகளை முதலில் இணைத்ததே அந்த நகரத்தின் சிறப்பு. 2000-இல் ஓவியர் பெர்னாந்தோ போத்தேரோ தம் படைப்புகளையும் சேகரிப்பையும் போகோட்டாவுக்கும் மெதெயினுக்கும் கொடையளித்தார். அடிமை வணிகத்தின் துறைமுகமாகச் செழித்த கார்த்தஹேனாவின் கோட்டைச் சுவர்கள் 1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருந்தன. 2016-இல் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுடன் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பின், இந்த நகரங்களும் காப்பிச் சரிவுகளும் ஒரே பயணத் திட்டத்தில் இணைந்தன.

2011 ஜூனில் நான்கு மாகாணங்களின் 47 நகராட்சிகளில் பரவிய காப்பிப் பண்பாட்டு நிலவெளியை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அது அங்கீகரித்தது கட்டடங்களை மட்டும் அல்ல, செங்குத்துச் சரிவில் குடும்பங்கள் நடத்தும் வேளாண்மையையும்தான். அந்த வேளாண்மைதான் இப்போது நெருக்கடியில் உள்ளது. விவசாயிகளின் சராசரி வயது 50-ஐத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அறுவடைக்கு அறுவடை மலை மாறிச் சென்று, பறித்த கிலோவுக்குக் கூலி பெறும் தொழிலாளர்கள் போதவில்லை. கிந்தியோவில் காப்பி நிலம் சுருங்கி, ஹாஸ் ரக வெண்ணெய்ப்பழத் தோப்புகளும் விடுமுறை வீடுகளும் பெருகுகின்றன. 1985-இல் தேசிய மரமாக அறிவித்துச் சட்டம் பாதுகாத்த மெழுகுப் பனைகள், கோகோராவின் மேய்ச்சல் நிலங்களில் முதிர்ந்து நிற்கின்றன. காட்டு நிழல் இல்லாமலும் மாடுகள் மேய்வதாலும் அவற்றின் கன்றுகள் அங்கே தேறுவதில்லை. மறுபக்கம், நல்ல கொட்டை எல்லாம் கப்பலேற, கழிவுக் கொட்டையைக் குடித்து வளர்ந்த கிராமங்களில் இளம் விவசாயிகள் சிலர் தங்கள் விளைச்சலைத் தாங்களே வறுத்து விற்கிறார்கள். தோட்டத்துக்கு வரும் பயணிக்குப் பழம் பறிப்பதிலிருந்து கோப்பை வரை சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்களே. மூட்டையாக விற்றால் கிடைப்பதைவிடப் பல மடங்கு அவர்களுக்கு இதில் கிடைக்கிறது.